கிட்டாருக்குச் சின்ன ரூட்டரே போதும்!

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



நம்ம ஹாஸ்டலில் கிட்டார் வைத்திருக்கிற நண்பர்கள் அதிகமாகிவிட்டார்கள். வாசிப்பதோடு நிற்காமல், "பிக்கப்பை மாத்தணும், பாடியில குழியைப் பெருசாக்கணும், அதுக்கு எல்லாரும் காசு போட்டு ஒரு ரூட்டர் வாங்கணும்" என்று ராத்திரி பகலாகப் பேச்சு. யூடியூபில் பார்த்த பெரிய ரூட்டர்தான் வேண்டுமாம்! என் கருத்து வேறு. சன்மைக்கா ஓரம் வெட்ட ஆசாரிகள் வைத்திருப்பார்களே, அந்த ட்ரிம்மர் போதும். போதும் என்பதுகூடச் சரியில்லை, இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம்.

"அது கார்ப்பெண்டர் சாமான்டா" என்று ஒரு நண்பர் சிரித்தார். என் அப்பா கார்ப்பெண்டர்தான். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டி வந்தவன் நான்தான் முதல். டிப்ளமோ படிக்கிறவன் அப்பாவோட மிஷினைக் கையில் எடுத்தால் கௌரவக் குறைச்சலா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

முதலில் வேலை என்னவென்று பார்க்கணும். ஃபெண்டர் கம்பெனி 1954-ல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று ஒற்றைக் காயில் பிக்கப்புகள். இரைச்சல் வரும். 1955-ல் கிப்ஸனில் சேத் லவர் என்ற இன்ஜினியர் இரண்டு காயிலைச் சேர்த்து அந்த இரைச்சலை அடக்கினார். அதுதான் ஹம்பக்கர். காயில் இரண்டு என்பதால் அகலம் ஜாஸ்தி, பழைய குழியில் உட்காராது. 1970-களில் எடி வான் ஹாலன் தன் கிப்ஸன் கிட்டாரிலிருந்து ஹம்பக்கரைக் கழற்றி ஸ்ட்ராட் மாதிரி பாடியில் வைத்தார். நம்ம நண்பர்கள் ஆசைப்படுவதும் அதற்குத்தான்.

அந்தக் குழியின் அளவு ஏறக்குறைய 70 மி.மீ. நீளம், 40 மி.மீ. அகலம், 18 மி.மீ. ஆழம். பெருக்கிப் பாருங்கள், 50 சி.சி.க்குக் கொஞ்சம் மேல். அரை டீ கிளாஸ் மரத்தூள்! அதிலும் பாதிக் குழி ஏற்கெனவே இருக்கு. இந்த அரை கிளாஸுக்கு 1600 வாட், 6 கிலோ எடையுள்ள மிஷின் எதுக்கு? ட்ரிம்மர் 500-லிருந்து 700 வாட், எடை ஒன்றரை கிலோ. கிட்டார் பாடியின் கனமே 45 மி.மீ.தான். ஒரு சின்னக் குழிக்குள்ளே பிட்டு எங்கே போகுதுன்னு கண்ணால் பார்த்து வெட்டணும். பெரிய மிஷின் ஸ்விட்சைப் போட்டதும் ஒரு உதறு உதறும். பழக்கமில்லாத கைக்கு அந்த ஒரு உதறல் போதும், ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் வாங்கிய கிட்டார் போச்சு. வெட்டின மரம் திரும்ப வராது.

வேகம் குறைவோ என்று சந்தேகம் வரலாம். நமக்குத் தெரிந்த ஃபார்முலாதான்: பை டி என் பை ஆயிரம். 12 மி.மீ. பிட்டு, 30,000 ஆர்.பி.எம். என்றால் நிமிஷத்துக்கு 1130 மீட்டர். லேத்தில் மைல்டு ஸ்டீலுக்கு 30 மீட்டர் வைத்து ஓட்டுகிற நமக்கு இது எவ்வளவு என்று புரியும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற மாடல் கிடைத்தால் அதையே வாங்கலாம், பிட்டு தீய்க்காது.

மிச்சமாகிற காசை பிட்டில் போடணும் என்பேன். இங்கேதான் விஷயமே இருக்கு. கடையில் 6 மி.மீ. காலட்டும் இருக்கும், கால் இன்ச் காலட்டும் இருக்கும். கால் இன்ச் என்பது 6.35. வித்தியாசம் 0.35 மி.மீ.தானே என்று 6 மி.மீ. பிட்டைக் கால் இன்ச் காலட்டில் மாட்டினால் பிடிக்கவே பிடிக்காது, அந்த வேகத்தில் கழன்று பறக்கும். எதிரே யார் நிற்கிறார்களோ! மிஷினையும் பிட்டையும் ஒரே நேரத்தில் மாட்டிப் பார்த்து வாங்குங்க.

அடுத்தது, மேலே பேரிங் உள்ள பிட்டு. பேரிங் டெம்ப்ளேட்டைத் தொட்டுக்கொண்டே ஓடும், கீழே பிளேடு வெட்டும். 25 மி.மீ. பிளேடு வாங்கி, 12 மி.மீ. எம்.டி.எஃப். டெம்ப்ளேட் வைத்தால், பேரிங் டெம்ப்ளேட்டைத் தொடவே முதல் ஓட்டத்தில் 13 மி.மீ. மரத்துக்குள் இறங்கியாகணும். சின்ன மிஷின் திணறும், மரம் சிலும்பும். 10 மி.மீ. பிளேடு என்றால் மூன்று மூன்று மி.மீ.யாக இறங்கலாம். பாதிக்கு மேல் டெம்ப்ளேட்டே தேவையில்லை, வெட்டின சுவரையே பேரிங் பிடித்துக்கொள்ளும்.

ட்ரிம்மரிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. பல மாடல்களில் நேராக மரத்துக்குள் இறக்கும் வசதி இல்லை. அதனால் நம்ம ஒர்க்‌ஷாப் டிரில்லிங் மிஷினில் முதலில் ஓட்டை போட்டு மரத்தை எடுத்துவிடணும், ரூட்டருக்கு ஓரம் மட்டும் மிச்சம். அடிப்பலகை சின்னது, ட்ரெமலோ குழி மாதிரி பெரிய குழியில் சாய்ந்துவிடும். ஒரு அகலமான அக்ரிலிக் ஷீட்டைத் திருகி மாட்டினால் சரி. ஆனால் முழு பாடியையே 45 மி.மீ. பலகையிலிருந்து வெட்டி எடுக்கப் போகிறேன் என்பவர் ட்ரிம்மரை நம்ப வேண்டாம். அது பெரிய மிஷின் வேலை.

கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம், பழைய பெயிண்ட் தூள் நெஞ்சுக்கு ஆகாது. குழிக்குள்ளே மிஷினைக் கடிகாரம் சுற்றும் திசையில் நகர்த்தணும், எதிர்த்திசையில் போனால் பிட்டு கையை இழுத்துக்கொண்டு ஓடும். முதல் குழி கிட்டாரில் வேண்டாம், பழைய மரத்துண்டில் வெட்டுவோம். டெம்ப்ளேட் டிராயிங் நான் போட்டுத் தருகிறேன், எம்.டி.எஃப். துண்டு யாராவது கொண்டு வாங்கப்பா!