லினக்ஸ் சரிவராதாம்!

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்திவிட்டது. மன்னாரிலும் பேசாலையிலும் பழைய மடிக்கணினியில் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வது? லினக்ஸ் போடுவம் எண்டால், "வைஃபை வேலை செய்யாது, சரிவராது" எண்டு கையை விரிக்கினம்.

பிழை லினக்ஸில இல்லை. பிரோட்கொம் போன்ற சிப் நிறுவனங்கள் பல டிரைவர்களின் மூலநிரலைப் பூட்டி வைத்திருப்பதே சிக்கல். போனை யூஎஸ்பி வயரால் இணைத்து டெதரிங் போடுங்கோ. லினக்ஸ் மின்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், பெரும்பாலும் தேவையான டிரைவரை அதுவே காட்டும்.

மெஷின் சூடாகி நிண்டால்? உப்புக்காத்திலும் மணலிலும் விசிறி அடைச்சிருக்கும், கழட்டித் துடையுங்கோ.

கள்ள விண்டோஸ் ஏத்தித் தாறதுக்குப் பேர் திருத்தமில்லை. கணினியைத் தூக்கி எறிய முன்னம், திரையில வாற பிழைச்செய்தியை ஒருக்கா வாசிப்பம்.