பீடம் இருந்தது, பீரங்கி இல்லை

1898 ஜூலை 3, ஞாயிற்றுக்கிழமை. கியூபாவின் சாண்டியாகோ துறைமுகத்திலிருந்து வெளியே வந்த ஸ்பானியக் கப்பல்களை அமெரிக்கக் கடற்படை சில மணி நேரத்தில் ஒழித்துக்கட்டியது. ஓட்டைக் கப்பல்கள் புதுக் கப்பல்களிடம் தோற்றன என்றே இதைப் பலரும் சொல்வார்கள். கிறிஸ்டோபல் கொலோன் என்ற குரூசருக்கு அந்த விளக்கம் பொருந்தாது.

இத்தாலியில் ஜெனோவா பக்கம் அன்சால்டோ கட்டிய கப்பல் இது. 1896 செப்டம்பரில்தான் கடலில் இறக்கினார்கள். மூழ்கும்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. வடிவமைப்பிலும் பெரிய குறை கிடையாது. இதே வகையைச் சேர்ந்த நிஷின், கசுகா இரண்டும் 1905இல் சுஷிமா போரில் ஜப்பானுக்காக நின்று சண்டை போட்டன.

கொலோனில் இல்லாதது அதன் பிரதான ஆயுதம். 254 மி.மீ. பீரங்கிகள் முன்னும் பின்னும் நிற்க வேண்டும். பழுதுள்ளவை என்று ஸ்பெயின் அவற்றை ஏற்கவில்லை. மாற்று வருவதற்குள் போர் வந்துவிட்டது. பீடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பக்கவாட்டில் பத்து 152 மி.மீ. பீரங்கிகள் இருந்தன, உண்மைதான். ஆனால் துரத்தப்படுகிற கப்பலுக்குப் பின்பக்கப் பெரிய பீரங்கிதான் துணை. இந்த நிலையில் போருக்குப் போவது வீண் என்று ஸ்பானியக் கப்பல்களின் தளபதி செர்வேரா மாட்ரிட்டுக்குத் திரும்பத் திரும்ப எழுதினார். அரசு கேட்கவில்லை. அந்தப் பிடிவாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று கொலோனுக்கு மிஞ்சியது வேகம் ஒன்றுதான். மற்ற மூன்று குரூசர்களும் எரிந்தபடி கரையேறிய பிறகும் அது தனியாக மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. நண்பகல் தாண்டியதும் நல்ல நிலக்கரி தீர்ந்துபோனது. சாண்டியாகோவில் ஏற்றிய மட்டமான கரியை அள்ளிப்போட்டார்கள். அது சூடு தராது; எவ்வளவு போட்டாலும் நீராவியின் அழுத்தம் ஏறாது. வேகம் குறைந்தது. ஆரெகான் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் 330 மி.மீ. குண்டுகள் அருகே விழத் தொடங்கின. திருப்பிச் சுடத்தான் பின்னால் பெரிய பீரங்கி இல்லையே!

மதியம் ஒன்றேகால் மணிவாக்கில் கப்டன் டியாஸ் மொரேயு கப்பலைத் துர்கினோ ஆற்று முகத்துவாரத்தில் தரைதட்ட வைத்தார். அதைக் கோழைத்தனம் என்பது தவறு. நூற்றுக்கணக்கான மாலுமிகளின் உயிர் அதனால் தப்பியது. கப்பல் எதிரி கைக்குப் போகாதபடி வால்வுகளையும் திறந்துவிட்டார்கள்.

அமெரிக்கர்களுக்கோ அந்தக் கப்பல் வேண்டியிருந்தது. மூழ்கத் தொடங்கிய கொலோனை அவர்களுடைய நியூயார்க் என்ற கப்பல் தன் முனையால் முட்டி, கரைப்பக்கம் தள்ளிப் பார்த்தது. அப்படியும் அது பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது.