நெடியவன் எங்கே நிற்க வேண்டும்?

குறளும் சிலம்பும் பேசப்படும் மன்ற மலரில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். இயற்பியல் பயிலும் இவனுக்கு இலக்கியம் வராது, ஆகவே பந்தைப் பிடித்துக்கொண்டான் என்று வேறு சிலர் நகைக்கவும் கூடும். இரண்டாவது கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது, ஒரு தம்பி திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த எண் பொறித்த பனியன்.

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே கிடக்கும் ஊர்களை உங்களில் பலர் பேருந்தில் தூங்கிக்கொண்டே கடந்திருப்பீர்கள். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்தது, நாவில் விழவில்லை. என் தந்தையார் வணிகத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து பாறசாலையில் குடியேறியவர். ஆகவே நான் அங்கே வரத்தன். அத்தம்பியோ இஞ்சிவிளைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பத்துப் பிள்ளை. உயரம் 6 அடி 3 அங்குலம். பள்ளியில் கைப்பந்து ஆடியவன். கல்லூரியில் நுழைந்ததும் உயரத்தைப் பார்த்துக் கூடைப்பந்துக்கு இழுத்துக்கொண்டார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கு ஓர் இடம் கிடைக்கும் என்று வீட்டாரும் நம்பினார்கள்.

ஒரு போட்டியை நானே உடனிருந்து பார்த்தேன். முதல் கால் பகுதியிலேயே மூன்று ஃபவுல். மூன்றாம் கால் பகுதி முடியுமுன் ஐந்தாவது. ஆள் வெளியே. அணி தோற்றது. பிறகு அவனை அணியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். "ஒல்லியான பனைமரம், ஓடத் தெரியாது" என்பதுதான் அவனுக்குக் கிடைத்த நற்சான்று!

அவனுக்கு ஓடத் தெரியும். எங்கே ஓடக்கூடாது என்பதைத்தான் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

செய்தி இதுதான். பந்து வைத்திருப்பவனைக் காக்கும் நம் ஆளின் பாதையில் எதிரணியின் நெடியவன் வந்து அசையாமல் நிற்கிறான். இதுவே ஸ்கிரீன். (இதற்குத் தமிழ்ப் பெயர் சூட்ட ஆசை எனக்கும் உண்டு. ஆனால் களத்தில் அரை நொடியில் கூவ வேண்டிய சொல்லைப் புலவர் குழு கூடி முடிவு செய்ய இயலாது. பதிப்பாசிரியர் பொறுத்தருள்க.) நம் ஆள் அதில் முட்டிக்கொள்ள, பந்துக்காரன் விடுதலை பெற்றுப் பாய்கிறான். நின்றவன் உடனே திரும்பிக் கூடையை நோக்கி ஓடுகிறான். இப்போது நம் நெடியவன் ஒருவன் முன்னால் இரண்டு பகைவர். அவன் என்ன செய்வது?

வழிகள் பல. வெளியே பாய்ந்து பந்துக்காரனை மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பி ஓடலாம்; இது ஹெட்ஜ். ஆளை மாற்றிக்கொள்ளலாம், இது ஸ்விட்ச். பின்வாங்கிக் கூடைக்கு முன்னே நின்று இருவரையும் ஒருசேரக் காக்கலாம், இது டிராப். நம் கல்லூரி அணிகளில் நான் கண்டவரை, நெடியவனுக்கு இடப்படும் முதற்கட்டளை "வெளியே பாய்!" என்பதே. தம்பிக்கும் அதே கட்டளை. அது தவறு என்பது என் துணிபு. கல்லூரி நெடியவன் முதலில் கற்க வேண்டியது பின்வாங்கி நிற்கும் கலையைத்தான்.

கணக்கைப் பாருங்கள். மும்முனைப் புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர். ஸ்கிரீன் பெரும்பாலும் அதற்கு வெளியே விழுகிறது. அங்கே பாய்ந்து சென்று மறித்த நெடியவனின் தலைக்கு மேலே பந்து பறக்கிறது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் தொலைவு செல்ல அதற்கு அரை வினாடி போதும். நின்ற நிலையிலிருந்து திரும்பி ஓடுபவன், வினாடிக்கு வினாடி 4 மீட்டர் என்ற நல்ல முடுக்கத்தோடு புறப்பட்டாலும், அந்த அரை வினாடியில் கடப்பது அரை மீட்டர்தான்! எதிரியோ முன்பே ஓடிக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து எட்டிப் பிடித்தால் கை படும், ஊதல் ஒலிக்கும். ஐந்து முறை ஒலித்தால் ஆட்டம் முடிந்தது. தம்பியின் ஐந்தில் நான்கு இப்படி வந்தவையே.

நம் களத்தையும் நினையுங்கள். மரப்பலகை பாவிய அரங்கம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? திறந்தவெளிச் சிமெண்டுத் தரையில்தான் நம் பயிற்சி. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வடகிழக்கு வந்துவிடுகிறது. ஈரச் சிமெண்டில் 80 கிலோ உடம்பை ஓடவிட்டு, நிறுத்தி, திருப்பி, மறுபடி ஓடவிடுவது கணுக்காலைப் பணயம் வைக்கும் வேலை. பின்வாங்குபவன் திரும்பவே வேண்டாம். பந்தைப் பார்த்த முகத்தோடே காலைத் தேய்த்து நகர்கிறான்.

"வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் ஹெட்ஜ் ஆடித்தானே 2019 இல் டெக்சஸ் டெக்கைக் கூடுதல் நேரத்தில் 85-77 என்று வென்று அமெரிக்கக் கல்லூரிப் பட்டம் பெற்றது?" என்று படித்த நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். பெற்றது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நெடியவன் வெளியே போகும்போது அவன் விட்டுப்போன இடத்தை மற்ற மூவரும் சுருங்கி வந்து மூடுகிறார்கள். அந்தச் சுருக்கம் ஆண்டுக்கணக்கான பயிற்சியில் வருவது. நம் அணி கூடுவது போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு! தேர்வு வந்தால் அதுவும் இல்லை. பாய்வதை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, மூடுவதை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டால் எப்படி?

அதே நாட்டில் 7 அடி 4 அங்குல ஸாக் எடியைப் பாருங்கள். அவருடைய பர்டூ அணி 2023 இல், நாட்டிலேயே உயரம் குறைந்ததென்று பேர்பெற்ற ஃபேர்லி டிக்கின்சன் அணியிடம் 63-58 என்று வீழ்ந்தது. ஊரே சிரித்தது. பயிற்சியாளர் அதற்காக எடியை வெளியே விரட்டினாரா? இல்லை. காவலில் அவரைக் கூடையருகே நிறுத்தியே 2024 இல் இறுதிப் போட்டி வரை சென்றார்கள். 1969 க்குப் பிறகு பர்டூ அங்கே சென்றது அப்போதுதான். அங்கே கனெக்டிகட்டிடம் 75-60 என்று தோற்றது வேறு கதை. வளையத்தின் உயரம் 1891 இல் நெய்ஸ்மித் மாட்டிய அதே 10 அடி. அது ஓடுவதில்லை; அதைக் காப்பவன் ஏன் ஓடவேண்டும்?

பின்வாங்குவதால் இழப்பே இல்லையா? உண்டு. நடுத்தொலைவில், அதாவது நான்கைந்து மீட்டரில், பந்துக்காரனுக்கு ஓர் எறிதல் கிடைக்கும். கிடைக்கட்டும்! ஓடிவந்து நின்று எறியும் அந்தப் பந்து நம் கல்லூரி ஆட்டத்தில் பத்துக்கு நான்கு விழும் என்றே வைத்துக்கொள்வோம்: 8 புள்ளி. கூடையடியில் பத்துக்கு ஆறு: 12 புள்ளி. எட்டைக் கொடுத்துப் பன்னிரண்டைக் காப்பது நட்டமாகாது. ஆனால் ஸ்கிரீனைத் தாண்டியதும் நின்று மும்முனை எறியும் வல்லவன் எதிரே இருந்தால் கணக்கு மாறும். அப்போது நெடியவன் ஸ்கிரீன் நிற்கும் மட்டம்வரை ஏறி வரவேண்டும். அத்தகையோர் நம் வட்டாரத்தில் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம்.

பின்வாங்குவது சோம்பேறித்தனம் என்பாரும் உளர். அவர்கள் ஒருமுறை செய்து பார்க்கட்டும். முழங்கால் மடிய வேண்டும். ஒரு கை மேலே, எறிதலுக்கு. ஒரு கை கீழே, பந்து கடத்தலுக்கு. ஓடிவரும் நெடியவன் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடலாகாது. பந்துக்காரன் பந்தைக் கையில் எடுக்கும்வரை கால் தரையிலேயே இருக்க வேண்டும். எடுத்த பின்பு கைகளைச் செங்குத்தாக உயர்த்தி நேர்மேலே எழ வேண்டும். நேர்மேலே எழுந்தவன்மீது எதிரி மோதினால் குற்றம் நம்முடையதன்று என்பது பன்னாட்டு விதி. கைப்பந்தில் வலையருகே எழுந்து பழகிய நம் எல்லையூர்ப் பிள்ளைகளுக்கு இது பாதி தெரிந்த பாடம்! அந்தச் செல்வத்தைப் பயன்படுத்தாமல் அவர்களை வெளியே ஓடவிட்டுப் பாழாக்குகிறோம்.

இன்னொன்று உண்டு, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஸ்கிரீன் வருவதை முதலில் காண்பவன் பின்னால் நிற்கும் நெடியவன். "வலது! வலது!" என்று அவன் கூவினால்தான் முன்னால் நிற்கும் காவலன் முட்டாமல் சுற்றிக்கொண்டு துரத்த முடியும். அன்றைய ஆட்டத்தில் தம்பி ஒருமுறைகூடக் கூவவில்லை. அவன் வாய் மூடியே இருந்ததால் முன்னவன் ஒவ்வொரு முறையும் முட்டினான், முட்டியதால் தம்பி பாய்ந்தான், பாய்ந்ததால் ஃபவுல்.

ஏனடா கூவவில்லை என்று பாறசாலை ரயில் நிலையத்தில் வைத்துக் கேட்டேன்.

"நான் வாயைத் திறந்தா பாண்டி பேசுகான்னு சிரிக்கானுவ அண்ணே. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போனா மலையாளத்தான்னு சிரிக்கானுவ. அதான் சும்மா இருந்தேன்."

எனக்குப் பேச்சு எழவில்லை. நானும் முதலாண்டு முழுவதும் ஆய்வுக்கூடத்தில் வாய் திறக்காமல் கழித்தவன்தான். அதனால் உடைந்த கண்ணாடிக் குழாய்களின் கணக்கு என்னிடம் உண்டு.

ஆனால் பாருங்கள், இடது என்பது அவர்களுக்கு இடத்து. வலது என்பது வலத்து. ஒலியில் ஒரு நூலிழை வேறுபாடு. எந்த நாவிலிருந்து வந்தாலும் எந்தக் காதுக்கும் விளங்கும். பயிற்சியாளர் முதல் நாளே "நீதான் எங்கள் கண், கத்து" என்று சொல்லியிருந்தால், சிரித்தவனை இரண்டு சுற்று ஓடவிட்டிருந்தால், அந்தப் பனியன் இன்றும் அவன் தோளில் இருந்திருக்கும்.

நம் விடுதி அணிக்கு ஒரு நெடியவன் தேவை. சனிக்கிழமை மாலை 5 மணிக்கு அவனை வரச்சொல்லியிருக்கிறேன். முதல் அரைமணி நேரம் பந்து கிடையாது, கூவுவது மட்டும். தொண்டையுள்ள நண்பர்கள் நால்வர் வேண்டும்.