புதைத்தவன் எடுக்கட்டும்!

கப்பலூரில் ஷிப்டு முடிந்து வரும் மில் தொழிலாளிக்கு உச்சப்பட்டி முகாம் தெரியாத இடமல்ல. ஈழத்திலிருந்து உயிருக்குத் தப்பி ஓடிவந்த மக்கள் அங்கே இருக்கிறார்கள். பெயிண்ட் வேலைக்கும் கொத்து வேலைக்கும் நம்மோடு வருகிறார்கள். டீக்கடையில் நம் ஆட்கள் சிலர் அவர்களிடம் கேட்பதுண்டு: "சண்டைதான் 2009லேயே முடிஞ்சு போச்சே, இன்னும் ஏண்ணே ஊருக்குப் போகல?"

போகாததற்குக் காரணம் பல. வீடில்லை, வேலையில்லை, போனால் பிழைக்க முடியுமா என்ற அச்சம். அவற்றோடு இன்னொன்று: மண்ணுக்குள் இருக்கும் மிதிவெடி.

கிளிநொச்சி மாவட்டத்தில் பளைக்குப் பக்கத்தில் முகமாலை. யாழ்ப்பாணம் போகும் ஏ-9 சாலையோரம், தென்னையும் பனையும் நின்ற பூமி. 2009 தொடக்கம் வரை பல ஆண்டுகள் அதுவே போர்முனை. சிங்கள ராணுவம் பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 ரகக் கண்ணிகளை வரிசை வரிசையாகப் புதைத்தது. புலிகள் 'ஜொனி', 'ரங்கன்' என்று தாங்களே செய்த வெடிகளைப் புதைத்தார்கள். யுத்தம் முடிந்தது, துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஆனால் மிதிவெடிக்கு யார் போய்ச் சொல்வது யுத்தம் முடிந்துவிட்டதென்று? அதன் கூடு பெரும்பாலும் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. ஆளை ஒரேயடியாகக் கொல்வதைவிடக் காலைப் பறித்து முடமாக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஆயுதம் அது. சிப்பாயின் பூட்சுக் காலுக்கும் நாற்று நடுகிறவளின் வெறுங்காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது!

இதை எடுப்பது யார்? புதைக்க உத்தரவிட்ட தளபதியா? மந்திரியா? இல்லை. முகமாலை வெயிலில் முழங்காலிட்டு, முகத்தில் கண்ணாடித் தடுப்பு மாட்டிக்கொண்டு, கைவாரியால் மண்ணை விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி எடுப்பவர்களில் ஏராளமானவர்கள் பெண்கள். அவர்களில் பலர் யுத்தத்தில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். மில்லுக்குள் பஞ்சுத் தூசியில் மூக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும் நம் பெண்களுக்கு இந்த வேலையின் கணக்கு விளங்கும். வேறு வேலை கிடைக்காதவளுக்கே ஆபத்தான வேலை கிடைக்கும். கை ஒரு கணம் தவறினால் காலும் போகும், கூலியும் போகும்.

அந்தக் கூலியும் பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையில் வருகிறது. கொடுக்கிறவன் கையை மூடினால்? 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்தப் பணத்தை நம்பி உலகெங்கும் நடந்த கண்ணி அகற்றும் வேலை முடங்கிப் போனது. லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டிய அமெரிக்கா இது! அங்கே வெடிக்காமல் கிடக்கும் சிறு குண்டுகள் கோடிக்கணக்கில். கொட்டியது சர்க்கார் செலவு. பொறுக்குவது மட்டும் தர்மமாம்!

கொழும்பையும் வாஷிங்டனையும் ஏசிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அது நமக்குச் சுலபம். ஆனால் டில்லியை விட்டுவிட்டுப் பேசினால் அது நேர்மையாகாது. 1987 ஜூலையில் இந்திய ராணுவம் 'அமைதி காக்கும் படை' என்ற பெயரில் ஈழத்தில் இறங்கியது. 1990இல் திரும்பியது. அங்கிருந்த காலத்தில் அந்தப் படையும் கண்ணிகளைப் பயன்படுத்தியது. அமைதி காக்கப் போனவர்கள் மிதிவெடி வைத்தார்கள்!

யுத்தத்துக்குப் பின் இந்தியா தன் செலவில் கண்ணி அகற்றும் குழுக்களை அனுப்பவில்லையா என்று கேட்பார்கள். அனுப்பியது, மறுக்கவில்லை. அந்தக் குழுக்களில் உழைத்தவர்களுக்கு நம் வணக்கம். ஆனால் அதை 'உதவி' என்ற கணக்கில் எழுதுகிறார்களே, அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. கடனைத் திருப்பிக் கொடுப்பவன் தானம் செய்ததாகத் தண்டோரா போடலாமா? கண்ணிவெடி பற்றி 1996இல் திருத்தப்பட்ட சர்வதேச விதி ஒன்று உண்டு. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. எந்தத் தரப்பு கண்ணி வைத்ததோ, அந்தக் கண்ணிக்கு அந்தத் தரப்பே பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. வைத்த நிலம் கையை விட்டுப் போனாலும், அகற்றுவதற்குத் தொழில்நுட்ப உதவியும் பொருளுதவியும் தரவேண்டும் என்றும் இருக்கிறது. இதில் தயவு எங்கே வந்தது?

மேலூர்ப் பக்கம் கிரானைட் வெட்டியவர்கள் லாபத்தை ஏற்றிக்கொண்டு குழியை ஊருக்கு விட்டுப் போனதை நாம் பார்த்தவர்கள். சர்க்காரின் நியாயமும் அதே நியாயம்தானா?

"எல்லை நீளமானது, பாதுகாப்புக்குக் கண்ணி தேவை" என்பது டில்லியின் வழக்கமான பதில். 1997இல் உருவான ஒட்டாவா ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் இருப்பதற்கும் அதுவே சமாதானம். பார்லிமெண்ட் தாக்குதலுக்குப் பின் 2001 டிசம்பரில் படைகளை எல்லையில் குவித்தார்களே, அப்போது கண்ணி புதைத்த இடம் எது? பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் ஜம்முவிலும் விவசாயியின் விளைநிலம்! யுத்தமே நடக்கவில்லை. ஆனால் விதைக்க முடியாமல் நின்றவனும், காலை இழந்தவனும், நஷ்டஈட்டுக்கு அலைந்தவனும் உழவன். வெடியை எடுக்கப்போய் உடல் சிதறிய சிப்பாயும் ஓர் உழவன் வீட்டுப் பிள்ளைதான். யாருடைய பாதுகாப்பு இது?

கண்ணி ஒன்றைச் செய்ய 3 டாலர் போதும், அகற்ற 300 முதல் 1000 டாலர் வரை ஆகும் என்பது ஐ.நா. சபை சொன்ன கணக்கு. செய்பவனிடமும் புதைப்பவனிடமும் இந்தச் செலவை வசூலித்தால், எத்தனை சர்க்கார் கண்ணி வாங்கத் துணியும் என்று பார்க்கலாம்.

இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அப்போது ஏற்ற கெடு 2028 ஜூன். புலிகள் வைத்ததை எடுக்கப் புலிகள் இல்லை. மண்ணை ஆள்கிற கொழும்பு சர்க்கார்தான் அந்தச் சுமையையும் ஏற்க வேண்டும், தன் ராணுவம் வைத்ததற்கும் கணக்குச் சொல்ல வேண்டும். டில்லி, தன் படை எங்கெங்கே எத்தனை கண்ணி வைத்தது என்ற பதிவேட்டைப் பார்லிமெண்டின் முன் வைக்கட்டும். முகமாலையில் கடைசி வெடி எடுக்கப்படும் வரை தன் பங்குப் பணத்தைக் கடமையாகக் கட்டட்டும். ஒட்டாவா ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும்.

கப்பலூர், திருமங்கலம் வட்டாரத் தொழிற்சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் கிளைகளும் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு நம் எம்.பி.க்கு அனுப்ப வேண்டும். தீர்மானம் எழுதும்போது உச்சப்பட்டி முகாமிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். எந்தத் தோட்டம், எந்த வயல் என்று அவர்கள் பெயர் சொல்லியே சொல்வார்கள்.