சலுகைக் காலத்திலும் வட்டி ஏறுகிறது

கல்விக்கடன் வாங்கும் குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கட்டத் தேவையில்லை என்பதுதான். ஆனால், தவணைக்குத்தான் இந்த விடுப்பு, வட்டிக்கு இல்லை. கடன் தொகை கையில் வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது. இதை அழுத்திச் சொல்லும் வங்கிக் கிளைகள் குறைவு. கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெற்றோர் அதைவிடக் குறைவு.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் கடன். வட்டி 10% என்று வைத்துக்கொள்வோம். சலுகைக் காலத்தில் தனிவட்டிதான் என்றாலும், முதல் தவணை கட்டும் நாளில் வட்டி மட்டும் 1.40 லட்சம் சேர்ந்திருக்கும். இது அசலோடு சேர்ந்து 5.40 லட்சமாகிறது. 15 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 5,800 ரூபாய். கட்டும் மொத்தத் தொகை 10 லட்சத்தைத் தாண்டும். அதே கடனை 10 ஆண்டுகளில் அடைத்தால் தவணை சுமார் 7,140 ரூபாய். மொத்தத்தில் ஏறக்குறைய 1.9 லட்சம் மிச்சம்.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் இந்தச் சுமை வெகுவாகக் குறையும். முதலாண்டில் அது மாதம் 833 ரூபாய்தான். நான்காம் ஆண்டில் 3,333 ரூபாயாகும். அதற்கும் வழியில்லாத குடும்பங்களுக்காகவே மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் 2009 முதல் நடைமுறையில் உள்ளது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி அல்லது தொழில்நுட்பக் கல்வி பயில்வோருக்குச் சலுகைக் கால வட்டியை அரசே ஏற்கிறது. 2024இல் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் பயில்வோரில் 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தினருக்கு 3% வட்டிச் சலுகை தருகிறது. வருமானச் சான்றிதழை உரிய நேரத்தில் கொடுக்காததாலேயே இந்த உதவியை இழந்துவிடக் கூடாது.

உண்மையான சோதனை, படிப்பு முடிந்தும் வேலை கிடைக்காதபோது தொடங்குகிறது. பிரிட்டனில் அரசு வழங்கும் மாணவர் கடனுக்கு, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம்; தாண்டிய தொகையில் 9% மட்டுமே. வேலையில்லாதவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. இங்கே வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவணை தேதி வந்துவிடுகிறது. 90 நாள் நிலுவை விழுந்தால் அது வாராக்கடன். பிள்ளையின் சிபில் மதிப்பெண்ணோடு, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட பெற்றோரின் மதிப்பெண்ணும் சரிகிறது.

இத்தனைக்கும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. வேலையில்லாத காலத்தையும் குறைந்த ஊதியத்தில் காலந்தள்ளும் நிலையையும் கருத்தில்கொண்டு, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணையை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அது இடமளிக்கிறது. ஆனால், இது வங்கியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. விதி ஏட்டில் இருக்க, வசூல் முகவர் வாசலுக்கு வருகிறார்.

இந்த ஒத்திவைப்பு, விண்ணப்பித்தால் கிடைக்கும் உரிமையாக மாற வேண்டும். ஏறிய வட்டியைக் காட்டும் கணக்கறிக்கையை வங்கிகள் ஆண்டுதோறும் மாணவருக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

கடன் பெற்ற இளைஞர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தவணை கட்ட முடியாது என்று தெரிந்ததுமே, வங்கியின் அழைப்பைத் தவிர்க்காமல், கிளை மேலாளருக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். படிக்கக் கடன் வாங்கியது குற்றமல்ல, அஞ்சி ஒளியாதீர்கள்.