எஸ்.பொ.வை எந்தக் கணக்கில் எழுதுவது?

எஸ்.பொ. 2014 நவம்பர் 26 ஆம் திகதி சிட்னியில் காலமானார். அன்று தொடக்கம் நான் படித்த நினைவுக் கட்டுரைகள் அநேகமும் ஒரே பல்லவியைத்தான் பாடுகின்றன: புலம்பெயர் இலக்கியத்தின் பிதாமகர். நமது வட்டத்து நண்பர்களும் அதையே ஒப்புவிக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது.

இனித் தமிழிலக்கியத்தின் தலைமை புலம்பெயர்ந்தோர் கைக்குப் போகும் என்று அவர் சொல்லிவந்தது மெய்தான். இந்திரா பார்த்தசாரதியோடு சேர்ந்து 1994 இல் அவர் தொகுத்த 'பனியும் பனையும்' அந்த நம்பிக்கையில் பிறந்தது. ஆனால் அவுஸ்திரேலியாவில் கழிந்த கடைசிக் கால் நூற்றாண்டில் மனிதர் எதை எழுதினார்? 'வரலாற்றில் வாழ்தல்' என்ற அந்தப் பெருத்த இரண்டு பாகங்களிலும் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும்தான் மூச்சு விடுகின்றன. 'மாயினி' இலங்கை அரசியல். மொழிபெயர்க்க எடுத்தது கூகி வா தியாங்கோவையும் செம்பென் ஒஸ்மானையும். அது நைஜீரியாவில் படிப்பித்த காலத்தின் விளைச்சல். அச்சுக்குச் சென்னை, மித்ர பதிப்பகம். சிட்னி அவருக்கு விலாசமாக இருந்தது, அவ்வளவுதான்.

அவரது 'வீ' சிறுகதைத் தொகுதியை 1966 இல் அரசு வெளியீடாகக் கொண்டுவந்தவர் இளம்பிறை எம்.ஏ.ரஹ்மான். 'இஸ்லாமும் தமிழும்' என்று தனி நூலே எழுதியவர் எஸ்.பொ. பிதாமகர் பட்டம் சூட்டுகிற நம்மவர்களுக்கே இது ஞாபகம் இல்லை. வெட்கம்!

இன்னொன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் கிடந்தார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த சனத்தின் பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் படிப்பித்தவன் நான். உடுத்த துணியோடு வந்த பிள்ளைகள். அவர்கள் கடல் தாண்டவில்லை. ஆகவே அவர்கள் 'புலம்பெயர்ந்தோர்' அல்லர், வெறும் 'இடம்பெயர்ந்தோர்'. முன்னவருக்கு இலக்கியம், பின்னவருக்கு நிவாரண அரிசி! கனடா இலக்கியத் தோட்டம் எஸ்.பொ.வுக்கு 2010 ஆம் ஆண்டின் இயல் விருதை வழங்கியதில் எனக்கு மகிழ்ச்சியே. புத்தளத்து எழுத்தை யார் தோட்டத்தில் நடுவது என்பதுதான் என் கேள்வி.

2011 ஜனவரியில் கொழும்பில் நடந்த சர்வதேசத் தமிழ் எழுத்தாளர் மாநாட்டை எஸ்.பொ. மூர்க்கமாக எதிர்த்தார். முன்னின்று நடத்திய முருகபூபதியும் அவுஸ்திரேலியாவாசிதான். முள்ளிவாய்க்கால் முடிந்து இரண்டு வருடங்கூட ஆகவில்லை. மாநாடு அரசுக்கு முகப்பூச்சு ஆகிவிடும் என்ற அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் இங்கே கூடிப் பேசுவதற்கு இங்கே இருக்கிறவன் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்? 1963 இல் சாஹிராக் கல்லூரி மாநாட்டில் முற்போக்கு அணியின் கட்டளையை உதறிவிட்டு வெளியேறி 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்த எஸ்.பொ. இதை அறியாதவரா? அந்த எஸ்.பொ.தான் எனக்கு உவப்பானவர்.

அவரது நாவல் 'தீ' 1961 இல் வெளிவந்தது. கப்பல்துறையில் என்னிடம் அதைக் கேட்டு வருகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு என் கையில் இருப்பது எழுத்து மங்கிய ஒரு போட்டோப் பிரதி.