இணைப்பு ரயில் வேண்டும்

தங்கவயல் மக்களுக்கு ரயில் பிரயாணம் உல்லாசமல்ல, பிழைப்பு. 1894-ல் சுரங்கங்களுக்காகப் போடப்பட்ட பங்காருப்பேட்டை - மாரிகுப்பம் பாதை 16 கிலோமீட்டர்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் அந்தப் பாதை, பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய்வரும் ஆயிரக்கணக்கானோரின் உயிர்நாடியாகிவிட்டது.

இதே மக்களுக்கு இன்னொரு பிரயாணமும் உண்டு. கல்யாணம், கருமாதி, ஆடித் திருவிழா என்றால் பூர்விக ஊருக்குப் போயாக வேண்டும். வேலூரில் ஒரு முகூர்த்தம், திருவண்ணாமலையில் ஒரு துக்கம் விசாரிப்பு, பிறகு வீடு. குடும்பத்தோடு இப்படிச் சுற்றிவரச் சிக்கனமான வழி எது?

முதலில் டிக்கெட்டைக் கவனிக்க வேண்டும். ரயில் கட்டணத்தில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான விகிதம் குறைகிறது. ஆகவே வழியில் ரயில் மட்டும் மாறுவோர், துண்டு துண்டாக வாங்காமல், போய்ச் சேரும் ஊருக்கு ஒரே டிக்கெட்டாக வாங்குவது பெரும்பாலும் லாபம். நடுவே ஓர் ஊரில் இரண்டு நாள் தங்குவோருக்கு இது பொருந்தாது. குறைந்த தூரப் பிரயாணத்தை இடையில் முறித்துக்கொள்ள விதி இடம் தருவதில்லை. பாசஞ்சர் டிக்கெட்டுடன் எக்ஸ்பிரஸில் ஏறுவதும் அபராதத்தில் கொண்டு விடும்.

பெண்களுக்கு 2023 ஜூன் 11-ல் தொடங்கிய சக்தி திட்டம், கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் மாநிலத்துக்குள் இலவசப் பிரயாணம் தருகிறது. பங்காருப்பேட்டை வரையில் அது பெரிய உதவி. எல்லை தாண்டினால் காசுதான்.

ஆனால், ஏழையின் கணக்கைப் புரட்டிப்போடுவது டிக்கெட் விலையல்ல. ஜங்ஷனில் தவறிப்போகும் ரயில். பங்காருப்பேட்டையில் ஜோலார்பேட்டை வண்டியைக் கண்ணெதிரே தவற விட்டவர், பிள்ளைகுட்டிகளுடன் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அல்லது பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் அழ வேண்டும். ரயிலில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். கொரோனாக் காலத்தில் 30 ரூபாயாக உயர்ந்த பாசஞ்சர் வண்டிகளின் குறைந்தபட்சக் கட்டணம், 2024 பிப்ரவரியில் மீண்டும் 10 ரூபாயாயிற்று. நல்ல காரியம். இணைப்பு கிடைக்காத ஏழைக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

மாரிகுப்பம் தென்மேற்கு ரயில்வேயைச் சேர்ந்தது. ஜோலார்பேட்டை தென்னக ரயில்வேயைச் சேர்ந்தது. இரு நிர்வாகங்களும் கலந்து பேசி, கிளைப்பாதை வண்டி வந்தபின் குழந்தையோடும் மூட்டையோடும் மேம்பாலம் ஏறி இறங்கப் போதுமான அவகாசம் விட்டு, ஜோலார்பேட்டை வண்டியின் நேரத்தை அமைக்க வேண்டும். திரும்பும்போது அந்த வண்டி தாமதமானால், மாரிகுப்பம் செல்லும் கடைசி வண்டியைச் சற்று நிறுத்திவைக்க வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை; மனம்தான் தேவை.

மாரிகுப்பத்திலிருந்து குப்பத்துக்குப் புதிய பாதை போடும் திட்டத்தின் நோக்கமே, பங்காருப்பேட்டைக்குப் போய்ச் சுற்றும் அலைச்சலைத் தவிர்ப்பதுதான். ஆனால், அதில் சாதாரண வண்டிகள் ஓடி, சிற்றூர்களில் நின்றால்தான் தங்கவயலுக்கு லாபம். எக்ஸ்பிரஸ் வண்டிகள் விரைந்து கடந்துபோவதை வேடிக்கை பார்ப்பதற்கு ஒரு பாதை வேண்டியதில்லை.

நாட்டுக்குத் தங்கம் தோண்டிக் கொடுத்த குடும்பங்கள் கேட்பது இலவசமல்ல. இறங்கியதும் ஏற ஒரு ரயில். நிர்வாகம் ஆவன செய்யட்டும்.